வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி

போன மாதம் நிஷாந்தன் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் திருச்சபையில் நான் வகித்த பதவியில் இப்போது இருப்பவர். என் காலத்தில் அதற்கு "வாலிபர் ஊழியர்" என்று பெயர். இப்போது "யூத் டிரெக்டர்". வேலை ஏறக்குறைய அதேதான். கதவில் பெயர்ப்பலகை வந்திருக்கிறது.

"அங்கிள், ட்ரெய்னிங் ஒண்டு வைக்கிறம். நீங்க வந்து உங்கட அனுபவத்தைச் சொல்லோணும். தலைப்பு: வாலிபர் ஊழியத்தில மிக முக்கியமானது எது. ஏழு நிமிசம்."

"ஏழு நிமிசமோ?"

"ஓம் அங்கிள். அதுக்கு மேல போனா பிள்ளையள் ஃபோனை நோண்டத் தொடங்கிடுவினம். ஸ்கிரீன்ல போட மூண்டு பொயின்ற் முதலே அனுப்பிவிட்டா நல்லம்."

திரையில் போட என்னிடம் எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தால் இருந்தது ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் மட்டும்தான். அதை ஏழு நிமிடத்தில் விளக்க முடியாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

ஊழியத்துக்கு வருமுன் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது என்பதெல்லாம் முதல் பந்தியிலேயே வந்துவிட வேண்டும், அலங்காரச் சொற்களை வெட்ட வேண்டும் என்பதுதான் அங்கே வேதம். பிறகு மலைநாட்டில் ஓர் இறையியல் கல்லூரியில் படித்தபோது, நான் வெட்டிய அலங்காரச் சொற்கள் எல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன என்று தெரிந்துகொண்டேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

என்னிடம் இரண்டு வாலிபர் ஐக்கியங்களை ஒப்படைத்தார்கள். ஒன்று கொட்டாஞ்சேனையில். புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பொடியன்கள், கொச்சிக்கடைப் பக்கம் களஞ்சியங்களில் கணக்கு எழுதுகிறவர்கள், தையல் பழகும் பெண்கள். மற்றது வெள்ளவத்தையில். பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லொட்ஜ்களில் அறை எடுத்து, வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள். வெள்ளவத்தையில் செப விண்ணப்பம் கேட்டால் உலகப் படத்தை விரித்து வைக்க வேண்டும். ஒருவருக்குக் கனடா, ஒருவருக்கு லண்டன், "கர்த்தருக்குச் சித்தமெண்டால் சுவிஸ் எண்டாலும் பரவாயில்லை" என்று இன்னொருவர். ஐக்கியத் தலைவராகத் தெரிவாகிறவர் யார் என்பதில் மர்மம் கிடையாது. விசா மறுக்கப்பட்டவர். செயலாளர் பதவி, முடிவு இன்னும் வராதவருக்கு.

ஒரு மாரிகாலம் முழுவதும் இரண்டு ஐக்கியங்களும் ரீ-சேர்ட் நிறத்தைப் பற்றி விவாதித்தன. வெள்ளவத்தை நீலம் என்றது, கொட்டாஞ்சேனை மெரூன் என்றது. அழுது செபித்தவர்களும் உண்டு. கடைசியில் வெள்ளை என்று முடிவாகி, எல்லோரும் வீட்டில் இருந்ததையே போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அது சோதனைச் சாவடிகளின் காலம். தமிழ்ப் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது காசு இருக்கிறதா என்று பார்க்குமுன் அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் ஐக்கியத்தில் ஓர் அங்கத்துவ அட்டை இருந்தது. மேலே தமிழில் சபையின் பெயர், பக்கத்தில் படம், படத்தின் மேல் பாதி விழுகிற மாதிரி முத்திரை. கீழே சிங்களத்தில் ஒரு வரி: இவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர், எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். அதற்கடியில் போதகரின் கையெழுத்தும் தொலைபேசி இலக்கமும். அரசாங்க அடையாள அட்டை உள்ளவர்களுக்கு இது ஓர் உபரி. இல்லாதவர்களுக்கு இது ஒன்றுதான். நகரத்தில் எங்காவது குண்டு வெடித்தால் அடுத்த ஞாயிறு எங்கள் ஐக்கியத்தில் எழுப்புதல் உண்டாகும்; அட்டை தேடிப் புதுமுகங்கள் வரும். லொட்ஜிலிருந்து வந்த ஒரு பொடியன், திருநீறு கூட அழியாத நெற்றியோடு, "அண்ணா, கார்ட் எடுக்கிறதுக்கு ஞானஸ்நானம் கட்டாயமோ?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் முகத்தில் கண்ட பரிசுத்த ஆறுதலை நான் பல வருடம் ஊழியம் செய்தும் வேறு யாரிடமும் காணவில்லை.

எங்கள் போதகர் தேவசகாயம் ஐயா. நல்ல உயரம், நல்ல குரல், அதைவிட நல்ல சிங்களம். சிறுவயதில் சிங்களவர்கள் நடுவில், குருநாகல் பக்கம் வளர்ந்தவர். ஒரு கூட்டத்தில் உட்கார்ந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பது. எல்லோருடைய நேரத்தையும் தான் காப்பாற்றுகிறார் என்பது அதன் பொருள். கூட்டம் மூன்று மணித்தியாலம் போகும். கடிகாரம் அங்கேயே கிடந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவர் ஒரு தடவை வெளிநாட்டில் தலைமைத்துவப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தார். போகும்போது போதகராகப் போனவர், திரும்பும்போது கம்பனி அதிகாரி மாதிரிக் கழுத்துப்பட்டியும் கைப்பெட்டியுமாக வந்தார். அதன்பிறகு எந்தப் பேச்சையும் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்துதான் தொடங்குவார். நடுவில் ஒரு புள்ளி வைப்பார்.

"இந்தப் புள்ளி என்ன?"

வாலிபர் ஊழியத்தில் எந்தக் கேள்விக்கும் "இயேசு" என்று சொன்னால் பாதிப் புள்ளியாவது கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். எல்லோரும் ஒரே குரலில் "இயேசு" என்பார்கள்.

"இல்லை," என்பார் ஐயா, திருப்தியுடன். "இது நோக்கம். நோக்கம் இல்லாதவன் இயேசுவையும் தவறவிடுவான்."

இந்த வட்டத்தை முழுநாளும் விளக்குவதற்காக ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தை மண்டபத்தில் செமினார் வைப்பதென்று முடிவெடுத்தார். பெயர், "மையத்தில் நில்". கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் சனிக்கிழமை வேலைக்குப் போவார்கள், லீவு எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள் என்று நான் சொன்னேன். ஐயா சிரித்தார். அதற்கும் வழி வைத்திருந்தார். முந்தின ஞாயிறு இரண்டு இடங்களிலும் அங்கத்துவ அட்டைகளைப் புதுப்பிப்பதற்கென்று வாங்கிக்கொண்டார். பழைய அட்டைகளிலிருந்து படங்களைக் கழற்றிப் புது அட்டைகளில் ஒட்டுவித்தார். புது அட்டை செமினார் முடிவில், நன்றியுரைக்குப் பிறகு, வந்தவர்களுக்கு மட்டும்.

"ஐயா, இந்த ஒரு கிழமையும் பிள்ளையள் எதைக் காட்டிக்கொண்டு திரியிறது?" என்று கேட்டேன்.

"தம்பி, ஒரு கிழமைதானே. விசுவாசம் எண்டு ஒண்டு இருக்குது."

அரசாங்க அடையாள அட்டையும், வாகனமும், வெள்ளை அங்கியும் உள்ளவர்களிடம் அது தாராளமாக இருந்தது.

செமினாருக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஐயா கழுத்துப்பட்டியோடு மேடையில் நின்றார். கைப்பெட்டி நாற்காலிக்குக் கீழே. கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற ஒருவரை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அவர் பழக்கதோஷத்தில் முன்வரிசைப் பெண்களின் காதணிகளையே எடுத்துக்கொண்டிருந்தார். மண்டபம் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில். ரயில் போகும்போதெல்லாம் ஐயா வாயை மூடிக் கையை உயர்த்தியபடி நிற்பார். ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். அன்று கேட்டதில் ரயில்தான் சுருக்கமாகப் பேசியது.

பேச்சின் பாதியில் ரோகிணி வந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, ஒரு மருந்துக் கடையில் வேலை. வாய் திறக்கப் பயந்தவள் அல்ல. கதவில் அவளைக் கண்டதும் ஐயா மேடையிலிருந்தே, "பிந்தி வாறாக்களுக்குக் கார்டும் பிந்தித்தான்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நேரே பின்வரிசைக்கு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, சீலனைப் பிடிச்சிட்டாங்கள்."

ஜெயசீலன் புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் வேலை செய்தவன். ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். பிறப்புப் பதிவு எங்கோ தொலைந்துபோனதால் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துப் பல வருடமாகக் காத்திருந்தான். எங்கள் அட்டை ஒன்றுதான் அவனுடைய படம் ஒட்டியிருந்த ஒரே காகிதம். அது ஐயாவின் பெட்டிக்குள் இருந்தது.

"நாங்க வந்த பஸ்ஸால எல்லாரையும் இறக்கிப் பாத்தவங்கள். என்ர ஐடென்டிட்டி கார்டைப் பாத்திட்டு விட்டிட்டாங்கள். அவன், 'கார்ட் சேர்ச்சில குடுத்திருக்கு, இண்டைக்குத்தான் தருவாங்க' எண்டு சொல்லச் சொல்ல ஜீப்பில ஏத்திப்போட்டாங்கள். பொலிஸ் ஸ்டேசனில கேட்டனான். ரெண்டு மணிக்குப் பெரிய ஜீப் வருமாம். அதுக்குள்ள ஒருத்தரும் பொறுப்பெடுக்காட்டி அதில ஏத்தி அனுப்பிடுவினமாம்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த வருடங்களில் பெரிய ஜீப்பில் ஏறியவர்களை எங்கே தேடுவது என்று அறியவே குடும்பங்களுக்கு மாதக்கணக்காகும். சிலருடைய குடும்பங்களுக்கு இன்னும் தெரியாது. அவனுக்குக் கொழும்பில் குடும்பமும் கிடையாது. கடை முதலாளியிடம் ரோகிணி தொலைபேசியில் பேசியிருந்தாள். "சனிக்கிழம வியாபாரத்த விட்டுட்டு எப்படிம்மா வர்றது? நல்ல பையன்னு சொல்லுங்க," என்றாராம்.

நான் மேடைக்குப் போய் ஐயாவின் காதில் சொன்னேன். அவர் பேச்சை நிறுத்தாமல் தலையாட்டி, ஒரு துண்டில் எழுதித் தந்தார்: "இடைவேளையில்." இடைவேளை வந்தது. பணிசும் பிளேன்டியும் வந்தன. ஐயா பெட்டியைத் திறந்து சீலனின் புது அட்டையை எடுத்துத் தந்தார். நன்றியுரைக்கு முன்பே ஓர் அட்டை கொடுக்க நேர்ந்ததில் அவருக்கு உண்மையான வருத்தம் இருந்தது.

"இதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, தம்பி. விட்டிடுவாங்கள்."

ஓட்டோவில்தான் அந்த அட்டையை முதன்முதலாகப் பார்த்தேன். அச்சுக்குப் போகுமுன் யாரும் என்னிடம் காட்டவில்லை. பார்த்துத் திருத்தியிருந்தாலும் எழுத்துப்பிழை ஒன்றும் இருந்திருக்காது. வேண்டிய எழுத்துகள்தான் இல்லை. "மையத்தில் நில்" என்று தமிழில் கொட்டை எழுத்து. அதற்குக் கீழே, அழகான கறுப்பு வட்டமும் புள்ளியும். அவற்றுக்கு இடம் விடுவதற்காகச் சிங்கள வரியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

பொலிஸ் நிலையத்தின் பெயர் வேண்டாம். உள்ளே ஒரு மர வாங்கில் சீலன் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். பக்கத்தில் நின்றவர் தோளில் கை வைத்து இருத்தினார். சார்ஜன் நரைத்த மீசைக்காரர். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மே ரவும மொக்கத?"

இந்த வட்டம் என்ன என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் இறங்கப் போதும், நோக்கத்தை விளக்கப் போதாது. ரோகிணி முயன்றாள். அவர் அட்டையைத் தூரப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பயிற்சிக்குச் சுடுகிற வட்டம் இப்படித்தான் இருக்கும் என்று அடுத்த மேசைக்காரரிடம் காட்டினார். அவரும் எழும்பி வந்து பார்த்தார். இது எந்த இயக்கத்தின் சின்னம் என்றார்.

ஒரு மணித்தியாலத்துக்கு முன்வரை சீலன் காகிதம் இல்லாத ஒரு பொடியன். இப்போது அவனிடம் காகிதம் இருந்தது.

சார்ஜன் கெட்டவர் அல்ல. அட்டையை மேசையில் வைத்துவிட்டு, "பாதர் கோ?" என்றார். பாதர் எங்கே? அவரைக் கூட்டிவாருங்கள், பேசலாம். இல்லாவிட்டால் தன் கையில் ஒன்றும் இல்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது இடைவேளைக்குப் பிந்திய அமர்வு நடந்துகொண்டிருந்தது. ஐயா கரும்பலகையில் வட்டத்துக்கு வெளியே அம்புக்குறிகள் போட்டு, மனிதனைத் திசைதிருப்பும் காரியங்களை எழுதியிருந்தார். சினிமா, கிரிக்கெட், வீண்பேச்சு. ரோகிணி என்னைத் தாண்டி நேரே மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அந்த வட்டத்தைச் சார்ஜன் பாத்திட்டார். சுடப் பழகிற வட்டமோ எண்டு கேக்கிறார்."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"கார்ட் சரிவராதாம். ஃபாதர் நேர வரோணுமாம். ரெண்டு மணிக்கு ஜீப்."

ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். "பிள்ளை, நான் வரமாட்டன் எண்டு சொல்லேல்ல. இந்த அமர்வு முடியட்டும். இதுதான் முழுச் செமினாருக்கும் முக்கியமான பகுதி."

"தலைப்பு என்ன ஐயா?"

அவர் பழக்கத்தில் சொல்லிவிட்டார். "முதன்மையானதை முதலில் செய்தல்."

அவள் கரும்பலகையை ஒரு தரம் பார்த்தாள். அவரை ஒரு தரம் பார்த்தாள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கொட்டாஞ்சேனைப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சம்பளத்தை விட்டு அட்டைக்காக வந்த பிள்ளைகள், அட்டை இல்லாமலே வாசலுக்குப் போனார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஐயா கேட்டார். "பொலிசுக்கு," என்றான் ஒருவன். "கார்ட் இல்லாமலோ? உங்களையும் பிடிப்பாங்கள்!" "பிடிச்சா சீலனோட இருப்பம் ஐயா." வெள்ளவத்தைப் பக்கம் சற்று யோசித்தது. விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள் பொலிஸ் நிலையத்துக்குக் காலாற நடந்து போக மாட்டார்கள். ஆனால் செயலாளர் எழும்பினார். தலைவர் எழும்பினார். பிறகு எல்லோரும்.

வீடியோக்காரர் கமராவைத் தாழ்த்தினார். "ஐயா, கட் பண்ணவோ? இல்லாட்டி வெறுங் கதிரையளை எடுக்கவோ?"

ஐயா கடிகாரத்தைக் கையில் கட்டினார். பெட்டியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். பிறகு வாசலுக்கு ஓடிப்போய்ப் பிள்ளைகளை மறித்தார். "ஒருத்தரும் ரோட்டில இறங்கக் கூடாது! நான் போறன். எல்லாரும் உள்ளுக்குப் போங்கோ." அப்போதுதான் நான் சொன்னேன்: "ஐயா, அங்கி." கழுத்துப்பட்டியோடு போனால் சார்ஜனுக்கு அவர் ஒரு காப்புறுதி ஏஜன்ட். ஆராதனைக்குப் போடுகிற வெள்ளை அங்கியைக் கழுத்துப்பட்டிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, தன் பழைய மொரிஸ் மைனர் காரை நான் பார்த்தறியாத வேகத்தில் ஓட்டினார்.

பொலிஸ் நிலையத்தில் அவர் செய்ததை ஒளிக்காமல் எழுத வேண்டும். அவர் பிரமாதமாகச் செய்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். சார்ஜன் எழுந்து நின்றார். ஐயா அவருடைய ஊரைக் கேட்டார். அது குருநாகல் பக்கம்தான். பொறுப்பதிகாரி வெளியே போயிருக்கிறார், எப்போது வருவாரென்று தெரியாது என்றார்கள். ஐயா வாங்கில், சீலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றினார். சார்ஜனின் மேசையில் வைத்தார்.

"மட்ட வெலாவ தியனவா."

எனக்கு நேரம் இருக்கிறது என்று அவர் சொல்லிக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

சார்ஜன் அட்டையை எடுத்து, அந்த வட்டத்தைப் பற்றி மறுபடியும் விசாரித்தார். நடுவில் இருக்கிற இந்தப் புள்ளி என்ன? ஐயா ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு கண் இமைக்காமல் சொன்னார்:

"ஏ தித்த ஜேசுஸ் வஹன்சே."

அந்தப் புள்ளி இயேசு. சார்ஜன் தலையாட்டி அட்டையை வைத்தார். எல்லோருக்கும் அதுதான் தெரிந்த பதில்.

ஜீப் வந்தது. வேறு சிலரை ஏற்றிக்கொண்டு போனது. அவர்களுக்காக யாரும் அங்கி போட்டுக்கொண்டு வந்திருக்கவில்லை. பொழுது சாயும்போது பொறுப்பதிகாரி வந்தார். ஐயா கையெழுத்து வைத்துப் பொறுப்பெடுத்தார். சீலன் தன் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டான். வெளியே வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி:

"அண்ணே, செமினாரு முடிஞ்சிருச்சா? கடைசிவரைக்கும் இல்லாட்டி எனக்குக் கார்டு இல்லைன்னு சொல்லிருவாங்களா?"

ஐயா காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கேட்டது. அவனை முன்னால் உட்காரச் சொன்னார்.

இதன்பிறகு அவர் மனம் மாறினார் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். நான் அலங்காரம் வெட்டுகிறவன். அவர் அடுத்த வாரமும் வட்டம் வரைந்தார். ஆண்டறிக்கையில், "செமினாரின் தாக்கத்தால் வாலிபர்கள் அன்றைய தினமே செயலில் இறங்கினர்," என்று எழுதினார். அதில் பொய் என்று நான் வெட்டக்கூடிய சொல் ஒன்றும் இல்லை. அட்டையைத் திரும்ப அச்சடிப்பதற்குக் கொமிட்டி கூடி, சிங்கள வரியைச் சேர்ப்பதா வட்டத்தை எடுப்பதா என்று வாதாடி, வட்டத்தைப் பின்பக்கத்தில் போட்டது.

ஆனால் அந்த மொரிஸ் மைனரின் பின் ஆசனத்தில் அன்றுமுதல் ஒரு வெள்ளை அங்கி எப்போதும் தொங்கியது. பிள்ளைகளை எங்கே மறித்தாலும், "ஃபாதருக்குக் கோல் பண்ணுங்கோ" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். அவர் முணுமுணுப்பார். கூட்டத்தின் நடுவில் மேசையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டுவார். நோக்கம் கெட்டுப்போகிறது என்று சொல்லிக்கொண்டே போவார். போகாமல் இருந்ததில்லை.

நிஷாந்தனுக்கு அன்று தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லவில்லை. மூன்று குறிப்புகளுக்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, போன சனிக்கிழமை ஐக்கியத்துக்கு வராத பிள்ளை ஆர்?"

"வராத பிள்ளையோ? அட்டென்டன்ஸ் ஆப்பில இருக்கும் அங்கிள். பாத்திட்டுச் சொல்றன்."

"ஏன் வரேல்ல எண்டும் அதில இருக்குமோ?"

அவருக்குப் பின்னால் யாரோ கீபோர்ட் வாசித்துப் பார்ப்பது கேட்டது.

"ட்ரெய்னிங் முடியட்டும் அங்கிள்," என்றார். "முடிஞ்சோடன விசாரிக்கிறன்."